இணையப் போட்டிக்கு வரைபடம் அமைப்பது: டர்பனிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவர்களுடைய கோயில் இளைஞர் அணி, தென்னாப்பிரிக்கா, மொரிசியஸ், ரெயூனியன் ஆகிய மூன்று இடங்களின் தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்து, ஊரை வளர்த்துப் படை திரட்டி மோதும் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்ற கணினி விளையாட்டில் ஒருவரோடு ஒருவர் மோதும் போட்டியை 16 பேருக்கு நடத்தப்போகிறது. சென்ற முறை தோற்றவர்களில் பலர் ‘எனக்கு வந்த மேப் சரியில்லை’ என்று முறையிட்டார்களாம். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் வரைபடத்தைக் கையால் வரைந்து கொடுத்துவிடலாமா, தொடக்க வளங்களைக் கூட்டிவிட்டால் முறையீடு குறையுமா, இறுதி ஆட்டத்துக்கு யாரும் பார்த்திராத வரைபடத்தை வைப்பது முறையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். மொரிசியஸில் இத்தகைய போட்டிகளுக்கு வரைபடங்களைச் சோதித்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கீழே வரும் பரிந்துரைகள் எல்லாம் அதிலிருந்து வருபவையே. இருவருக்கும் இம்மி பிசகாமல் ஒரே நிலம் கிடைக்க வேண்டும் என்பதை நான் நியாயத்தின் அளவுகோலாகக் கொள்வதில்லை. தனக்கு வாய்த்த குறையைத் தேடிக் கண்டுகொண்டு, அதற்கு ஏற்றபடி ஆட்டத்தை மாற்றிக்கொள்ள ஆட்டக்காரருக்கு வழியும் நேரமும் இருக்குமானால், அந்தக் குறை ஆட்டத்தின் ஒரு பகுதிதான். எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் ஈடுகட்ட முடியாத குறை என்றால், அதற்கு அமைப்பாளர்தான் பொறுப்பு. ஒருவருடைய காடு எதிரியை நோக்கி அமைந்துவிடுவது முதல் வகையைச் சேர்ந்தது. அவருக்கு வரவேண்டிய ஆடுகளில் இரண்டு வராமலே போவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முறையீடுகளில் பெரும்பகுதி முதல் வகையைப் பற்றியதாகவே இருக்கும். அவற்றுக்குப் பயந்து எல்லா வேறுபாட்டையும் துடைத்தெடுத்துவிடும் அமைப்பாளர், ஆட்டத்தில் இருந்த சுவையையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்.

கையால் வரைந்த சமச்சீர் வரைபடத்துக்கு வேறு விளையாட்டுகளில் நல்ல இடம் உண்டு. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ போட்டிகளுக்கான வரைபடங்கள் ஒரு பாதியைச் சுழற்றியோ கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பியோ மறுபாதியாக வைத்துச் செய்யப்படுகின்றன. அங்கே ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு மூலையையும் மனப்பாடமாக அறிந்துகொண்டே களத்துக்கு வருகிறார்கள். பல நாள் நீளும் ‘ஃப்ரீசிவ்’ ஆட்டங்களிலும் எல்லாருக்கும் ஒரே வடிவத் தீவைக் கொடுக்கும் ‘ஃபேர் ஐலண்ட்ஸ்’ என்ற வரைபட ஆக்கி இருக்கிறது. அங்கே தொடக்கத்தில் கிடைத்த மோசமான தீவின் பாதிப்பை ஒருவர் வாரக்கணக்கில் சுமக்க நேரிடும் என்பதால் அது மிகவும் தேவை. ஆனால் நீங்கள் நடத்தும் விளையாட்டு, 1999-இல் ‘ஏஜ் ஆஃப் கிங்ஸ்’ ஆக வெளிவந்த காலந்தொட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிலத்தைப் புதிதாகப் பிறப்பிக்கும் வழக்கத்தின் மேல் வளர்ந்தது. ஸ்கவுட் என்ற ஒற்றரை முதல் நிமிடங்களில் எப்படிச் சுற்றவிடுவது, எதை முதலில் தேடுவது என்பது இதில் தேர்ந்தவரையும் கற்றுக்குட்டியையும் பிரித்துக் காட்டும் திறமைகளில் ஒன்று. நிலம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போய்விடும். எனவே முதன்மைப் போட்டிக்கு, பிறப்பிக்கும் ஸ்கிரிப்ட் என்ற கோப்பின் விதிகளை இறுக்கி, நிலத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரவிடுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தால், அதற்கு மட்டும் நிலையான வரைபடத்தைக் கொடுக்கலாம். அப்போதும் அதே வரைபடத்தில் பக்கம் மாறி இன்னோர் ஆட்டம் கட்டாயம் வேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலியும் பதினைந்து ஆடும் ஒருநாளும் சமமில்லை. ஆளுக்கொரு முறை புலியை எடுத்து ஆடுவதால்தான் திண்ணையில் சண்டை வராமல் இருக்கிறது.

இனி, ஸ்கிரிப்டில் எதை இறுக்குவது என்பதற்கு வருகிறேன். ஆழ்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். இந்த விளையாட்டின் ரேண்டம் மேப் ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தப் பொருள் எத்தனை, அது வீரரின் தொடக்க இடத்திலிருந்து குறைந்தது எத்தனை கட்டம், அதிகம் போனால் எத்தனை கட்டம் தள்ளி வரவேண்டும் என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இந்த இரண்டு தூரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் நியாயத்தையும் அநியாயத்தையும் தீர்மானிக்கிறது. இடைவெளி அகன்றால் ஒருவருக்கு வாசலிலும் மற்றவருக்கு எல்லையிலும் பொருள் விழும்.

முதலில் உணவு. பெரும்பாலான தரை வரைபடங்களில் ஒருவருக்கு எட்டு ஆடுகள் வருகின்றன. நான்கு, ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்குப் பக்கத்திலும், மற்ற நான்கு இரண்டு இணைகளாகச் சற்றுத் தள்ளியும் இருக்கும். ஓர் ஆட்டில் 100 உணவு. ஒரு கிராமவாசியை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும். ஆக, ஓர் இணை ஆடு கைக்கு வராமல் போனால் தொடக்கத்திலேயே நான்கு கிராமவாசிகளுக்கான உணவு போகிறது. அதோடு, ஆடு முதலில் தன்னைக் கண்டவர் பக்கம் சேர்ந்துவிடும். தள்ளிப் பிறந்த இணையை எதிரியின் ஸ்கவுட் ஓட்டிக்கொண்டு போனால் இவருக்கு வரும் நட்டம் அவருக்கு லாபமும் ஆகிறது. ஆகவே அந்த இரண்டு இணைகளுக்குமான அதிகபட்ச தூரத்தைக் குறைத்து வையுங்கள். ஸ்கவுட் தன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றும்போதே அவை கண்ணில் பட்டுவிட வேண்டும். காட்டுப் பன்றிக்கும் இது பொருந்தும். ஒரு பன்றி 340 உணவு தருவதால், அதை டவுன் சென்டருக்கு இழுத்துவரும் தூரம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மான் விஷயத்தில் நான் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை, ஏனென்றால் மானை ஸ்கவுட்டால் தள்ளிக்கொண்டு வருவது திறமையின்பாற்பட்டது. ஓநாய்கள் தொடக்க ஊருக்குள் பிறக்காதபடி ஒரு குறைந்தபட்ச தூரம் போட்டுவிட்டால் போதும்.

தங்கம் வேறு மாதிரியான சிக்கல். முதன்மைத் தங்கம் வழக்கமாக ஏழு கட்டிகள்; ஒரு கட்டியில் 800 வீதம் 5,600 தங்கம். ஒரு வில்லாளிக்கு 45 தங்கம் என்பதால் இது நூற்றுக்கும் மேற்பட்ட வில்லாளிகளின் விலை. அதை இழந்தவர் பெரும்பாலும் ஆட்டத்தையே இழக்கிறார். டவுன் சென்டரின் அம்பு எட்டும் தூரம் 6 கட்டம். கட்டடம் நான்குக்கு நான்கு கட்டம் என்பதால் மையத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 8. தங்கம் 12 கட்டம் தள்ளி இருந்தால் அங்கே வேலை செய்பவர்களுக்கு அம்பின் காவல் இல்லை. ஆனாலும் நாலைந்து கட்டம் ஓடிவந்தால் காவலுக்குள் நுழைந்துவிடலாம். 18 கட்டம் தள்ளி இருந்தால் அந்த ஓட்டத்தின் நடுவிலேயே குதிரைப்படை பிடித்துவிடும். ஆகவே நான் முதன்மைத் தங்கத்துக்கு 11 முதல் 13 கட்டம் வரை என்று மட்டும் அனுமதிக்கிறேன்.

திசை என்பது தூரத்தைவிடத் தந்திரமானது. தூரத்தைச் சொல்லும் வரிகள் திசையைச் சொல்வதில்லை. ஒருவருடைய தங்கம் ஊருக்குப் பின்னாலும் மற்றவருடையது எதிரியைப் பார்த்த பக்கத்திலும் விழலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே 80 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 கட்டம் முன்னால் இருக்கும் தங்கம் எதிரிக்கு 67 கட்டத்தில் இருக்கிறது. 13 கட்டம் பின்னால் இருப்பது 93 கட்டத்தில். மிலிஷியா என்ற தொடக்கக் காலாள் வீரர் விநாடிக்கு 0.9 கட்டம் நடப்பதால், இந்த இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ 29 விநாடி. அது ஏறக்குறைய ஒரு கிராமவாசி உருவாகும் நேரம். அதே தங்கம் 18 கட்டம் வரை போகலாம் என்று விட்டிருந்தால் வேறுபாடு 40 விநாடி ஆகியிருக்கும். அதிகபட்ச தூரத்தைக் குறைப்பதால் திசையின் கேடும் தானாகவே குறைகிறது என்பதை இதிலிருந்து காணலாம். இதற்கு மேலும் முன்தங்கம் கிடைத்தவர், ‘எனக்கு இது முன்னால் வந்திருக்கிறது, ஆகவே சீக்கிரம் அடைப்பேன் அல்லது நானே முதலில் போய்த் தாக்குவேன்’ என்று முடிவெடுக்கலாம். முன்பு சொன்ன முதல் வகைக் குறை என்பது இதுதான்.

மேடு பள்ளத்தைப் பலர் அலங்காரம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அண்மையில் வரைபடம் அமைக்கும் எடிட்டரில் பிறப்பித்துப் பார்த்த ஒரு நிலத்தில், நீல நிற வீரரின் தங்கம் ஒரு மேட்டின் அடிவாரத்தில், மேடு எதிரியின் பக்கமாக இருக்கும்படி விழுந்திருந்தது. சிவப்பு நிறத்தவரின் தங்கம் சமதரையில் இருந்தது. தூரம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் இந்த விளையாட்டில் உயரத்திலிருந்து தாக்கினால் சேதம் 25 சதவீதம் கூடும், தாழ்விலிருந்து மேல்நோக்கித் தாக்கினால் 25 சதவீதம் குறையும். மேம்பாடு எதுவும் செய்யாத வில்லாளியின் தாக்குவலு 4, உயிர் 30, கவசம் இல்லை. சமதரையில் ஒரு வில்லாளியை வீழ்த்த 8 அம்பு தேவை. மேட்டில் நிற்பவருக்கு ஓர் அம்பு 5 சேதம் செய்வதால் 6 அம்பு போதும். கீழே நிற்பவரின் அம்பு 3 மட்டுமே செய்வதால் அவருக்கு 10 தேவை. நீல நிறத்தவர் தன் சொந்தத் தங்கத்தைக் காக்கவே இந்தக் கணக்கை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும். இதை எந்தக் கைத்திறமையும் எளிதில் ஈடுகட்டாது. எனவே ஊரின் மையத்திலிருந்து 15 அல்லது 16 கட்டத்துக்குள் மேடு வரக் கூடாது என்று ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள். நடுக்களத்தில் மேடுகள் தாராளமாக இருக்கட்டும். அவை யாருக்கும் சொந்தமில்லை, முதலில் போய்ப் பிடிப்பவருக்கே உரியவை.

காடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், ஊரைச் சுற்றி எத்தனை கட்டத்தை அடைத்தால் வேலி முடியும் என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒருவர் பத்துக் கட்ட வேலியில் பாதுகாப்பாகி, மற்றவருக்கு நாற்பது கட்டம் தேவைப்பட்டால் அது இருவேறு வரைபடங்களில் ஆடுவதற்குச் சமம். காட்டுத் திட்டுகளின் எண்ணிக்கையையும் ஊரிலிருந்து அவற்றின் தூரத்தையும் இருவருக்கும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கொடுத்தால் இந்தப் பிளவு பெரும்பாலும் மறையும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுச் சோதிக்காமல் வைத்தால் பயனில்லை. விளையாட்டோடு வரும் சீனாரியோ எடிட்டரில் ஸ்கிரிப்டைக் கொடுத்து வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கலாம். ஒவ்வொன்றிலும் இரு ஊர்களிலும் ஆடு, பன்றி, முதன்மைத் தங்கம், கல் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் தூரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். இருபது நிலங்களைப் பார்த்தாலே ஸ்கிரிப்ட் எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். குறிப்பாக எண்ணிக்கையைக் கவனியுங்கள். தூரத்தை மிக இறுக்கினால், இடம் கிடைக்காதபோது ஆக்கி சத்தமில்லாமல் ஒரு பொருளை விட்டுவிடும். நீங்கள் நியாயத்துக்காகப் போட்ட விதியே இரண்டாம் வகைக் குறையைக் கொண்டுவருவது இப்படித்தான். இந்தச் சோதனையை ஆட்டக்காரர் அல்லாத ஒருவரிடம் கொடுப்பது நல்லது.

வரைபட அளவில் தயங்க வேண்டியதில்லை. இருவர் ஆட்டத்துக்கு ‘டைனி’, அதாவது 120-க்கு 120 கட்டம். பெரிதாக இருந்தால் அழகாக இருக்கும் என்று சிலர் ஆறு பேருக்கான 200-க்கு 200 அளவைக் கேட்பார்கள். ஊர்களின் இடைவெளி அதே விகிதத்தில் நீண்டால், 80 கட்டம் 133 கட்டமாகும். மிலிஷியா போய்ச் சேர 89 விநாடிக்குப் பதில் ஏறக்குறைய 148 விநாடி ஆகும். முன்கூட்டியே தாக்கி ஆடும் பாணி அங்கே பாதி செத்துவிடும். வேலி கட்டி, ஊரைப் பெருக்கி ஆடுபவருக்கு அமைப்பாளரே சலுகை கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது கேள்வி, தொடக்க வளங்களைக் கூட்டுவது பற்றியது. ஆடு, பன்றி விஷயத்தில் வரும் முறையீடுகள் இதனால் குறையும் என்பது உண்மைதான். கையில் உணவு நிறைய இருக்கும்போது ஆடு எங்கே போனால் என்ன என்றாகிவிடும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமான தொடக்கம் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்து ஆடும் இனங்களான நாகரிகங்களின் சலுகைகளும் குறைகளும் இந்த எண்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. சீனர்கள் மூன்று கிராமவாசிகளைக் கூடுதலாகப் பெறுகிறார்கள். அதற்கு விலையாக 200 உணவும் 50 மரமும் குறைவாகப் பெறுகிறார்கள், அதாவது உணவே இல்லாமல் தொடங்குகிறார்கள். வீடு கட்டத் தேவையில்லாத ஹன்களுக்கு 100 மரம் குறைவு. தொடக்கத்தை ‘ஹை’ என்று மாற்றிவிட்டால் இந்தக் கழிவுகள் தூசுக்குச் சமமாகிவிடும், சலுகைகள் மட்டும் முழுதாக நிற்கும். சீனரைத் தேர்ந்தவர் மூன்று ஆட்களை இலவசமாகப் பெற்றவராகிறார். நிலத்தின் அநியாயத்தை நீக்கப் போய் நாகரிகத்தின் அநியாயத்தை உள்ளே விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘ஸ்டாண்டர்ட்’ என்பதை மாற்றாதீர்கள்.

மக்கள்தொகை வரம்பு 200, வேகம் ‘நார்மல்’, வெற்றி முறை ‘கான்குவெஸ்ட்’ (எதிரியை முழுதாக வீழ்த்துவது), அணிகள் பூட்டப்பட்டவை, ஏமாற்றுக் குறியீடுகளுக்கு அனுமதியில்லை, ஆட்டப் பதிவு இயக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் விவாதிக்க அதிகமில்லை. நார்மல் வேகம் 1.7 மடங்கு என்பதால் ஆட்டக் கடிகாரத்தின் 60 நிமிடம் உண்மையில் 35 நிமிடமே ஆகும். கால அட்டவணை போடும்போது இது உதவும். டர்பனில் மாலை 7 மணி என்றால் இங்கும் ரெயூனியனிலும் 9 மணி என்பதை மறந்துவிட வேண்டாம், மறுநாள் பள்ளி இருக்கும். வரைபடம் ‘எக்ஸ்ப்ளோர்டு’ என்று திறந்து காட்டப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதைப் புதியவர்கள் பிரிவுக்கு மட்டும் கொடுங்கள்.

புனிதச் சின்னங்களான ரெலிக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘அரேபியா’ போன்ற திறந்த வரைபடத்தில் ஆட்டம் அவை எடுக்கப்படும் முன்பே முடிந்துபோவதுண்டு; ஆனால் கல் மதிலுக்குள் தொடங்கும் ‘அரீனா’வில் கோட்டைக் காலம் என்ற படிநிலையை எட்டியதும் இரு பக்கத் துறவிகளும் ஓடுவது அவற்றுக்காகத்தான். மடத்தில் வைத்த ஒரு ரெலிக் நிமிடத்துக்கு 30 தங்கம் தரும். மொத்தம் ஐந்து இருக்க, ஒருவர் மூன்றும் மற்றவர் இரண்டும் எடுத்தால், ஆட்டக் கடிகாரத்தில் முப்பது நிமிடத்துக்குப் பிறகு வேறுபாடு 900 தங்கம். நைட் என்ற குதிரை வீரர் ஒருவருக்கு 75 தங்கம் என்றால் 12 நைட்டுகள். ஐந்தை ஆறாக்கிச் சமமாகப் பங்கிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன், ஏனெனில் அந்த ஐந்தாவது ரெலிக்குக்கான ஓட்டம்தான் அரீனாவின் உயிர். அது யாருடைய மதிலுக்கும் பக்கத்தில் விழாதபடி ஊர்களிலிருந்து ஒரு குறைந்தபட்ச தூரமும், ரெலிக்குகள் ஒரே மூலையில் குவியாதபடி அவற்றுக்கிடையே ஒரு தூரமும் போட்டுவிட்டால் போட்டி நேராக நடக்கும்.

தனி வரைபடத்தின் அமைப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும், எந்த வரைபடங்களைச் சேர்த்துத் தொகுப்பு ஆக்குகிறீர்கள் என்பதில் சாய்வு வந்துவிடலாம். ஏழு வரைபடங்கள் வையுங்கள்; மூன்று ஆட்டத் தொடரில் ஆளுக்கு இரண்டை மாறி மாறி நீக்கினால் மூன்று மீதமாகும், யாருக்கும் பிடிக்காதது தானாகவே வெளியேறிவிடும். திறந்தவை மூன்று, அடைப்பு உள்ளவை இரண்டு, நீரும் நிலமும் கலந்தது ஒன்று, நோமாட் ஒன்று என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ‘நோமாட்’ வரைபடத்தில் டவுன் சென்டர் இல்லாமல் சிதறிய கிராமவாசிகளோடு தொடங்குவதால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதல். ஆகவே ஒற்றை ஆட்டத்தில் வெளியேற்றும் சுற்றுகளில் அதை வைக்காதீர்கள், தொடராக ஆடும் சுற்றுகளில் மட்டும் இருக்கட்டும். அடர்காடு நிறைந்த ‘பிளாக் ஃபாரஸ்ட்’ இருவர் ஆட்டத்தில் நேரத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பது என் கருத்து. அதை விரும்புபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் போட்டிகளுக்கே உரிய ஒரு சாய்வும் இருக்கிறது. 2022-இல் வந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் திராவிடர்கள் ஒரு நாகரிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். உருமி என்ற சுருள்வாள் ஏந்திய வீரரும் திரிசடை என்ற பெருங்கப்பலும் அவர்களுக்கு உண்டு, ராஜேந்திர சோழன் பற்றிய கதைத் தொடரும் அதில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் கூடும் போட்டியில் பலர் அவர்களைத்தான் எடுப்பார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் அவர்களுக்கு நைட் வரிசை கிடையாது, திறந்த தரையில் வலுவான குதிரைப்படை இல்லாமல் திணறுவார்கள். ஒவ்வொரு காலத்துக்கு உயரும்போதும் கிடைக்கும் 200 மரமும் கப்பல் வலுவும் நீர் வரைபடத்தில் அவர்களைத் தூக்கி நிறுத்தும். தொகுப்பில் ‘ஐலண்ட்ஸ்’ போன்ற முழு நீர் வரைபடங்கள் இரண்டைச் சேர்த்தீர்களானால், அந்த விரிவாக்கத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இரண்டு வரைபடங்களைப் பரிசாகக் கொடுத்ததாகும். வாங்காதவரால் அந்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வெளியானபோதே அதில் இருந்த 35 நாகரிகங்களுக்குள் மட்டும் தேர்வு என்று விதிப்பது ஒரு வழி. அது பிள்ளைகளுக்கு மனக்கசப்பைத் தரும் என்று நினைத்தால், திராவிடர்களை அனுமதித்து, முழு நீர் வரைபடத்தை அடியோடு விலக்கிவிடுங்கள். நான் இரண்டாவதையே செய்வேன். எந்த வழியானாலும் வரைபடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கும் வரிசை மாறக் கூடாது.

வரைபடத்துக்கு வெளியே இருப்பதுபோல் தோன்றினாலும் அதன் நியாயத்தைத் தொடும் விஷயம் இணைய இணைப்பு. இந்த விளையாட்டில் இரு கணினிகளும் ஒரே கணக்கைச் சேர்ந்தே போட்டுக்கொண்டு போவதால், ஒருவரின் தாமதம் இருவரையும் பாதிக்கும். டர்பனுக்கும் மொரிசியஸுக்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்தான். 2021-இல் பயன்பாட்டுக்கு வந்த மெட்டிஸ் கடலடிக் கேபிள் மொரிசியஸிலிருந்து ரெயூனியன், மடகாஸ்கர் ஆகியவற்றைத் தொட்டு டர்பனுக்குத் தெற்கே அமான்சிம்டோட்டியில் கரையேறுகிறது. ஆயினும் ஆட்டத்தின் சேவையகம் ஐரோப்பாவில் இருந்தால், செய்தி அங்கே போய்த்தான் திரும்பும். லாபி திறக்கும்போது வெவ்வேறு வட்டாரச் சேவையகங்களை முன்கூட்டியே சோதித்து, ஒருவருக்கு 40 மில்லி விநாடித் தாமதமும் மற்றவருக்கு 220-உம் காட்டும் இடத்தைவிட, இருவருக்கும் 180 காட்டும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காத இணைகளுக்கு, நொடிப்பொழுதில் படையை விலக்கி ஆட வேண்டிய திறந்த வரைபடத்தை முடிவு ஆட்டமாக வைக்காமல், அடைப்புள்ள ஒன்றை வையுங்கள்.

ரெயூனியன் நண்பர்கள் விளையாட்டைப் பிரெஞ்சு மொழியில் வைத்திருப்பார்கள் என்பதால் வரைபடங்களின் பெயர் அவர்கள் திரையில் வேறாக வரும். விதித்தாளில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஓர் எண்ணும் சிறு படமும் கொடுத்துவிட்டால், தவறான வரைபடத்தை நீக்கிவிட்டேன் என்ற வழக்கு வராது. நீங்கள் திருத்திய ஸ்கிரிப்டுகளின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். முதல் சுற்று தொடங்கிய பிறகு அவற்றில் ஓர் எழுத்தைக் கூட மாற்றக் கூடாது.

மறு ஆட்டம் எப்போது கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஆட்டக் கடிகாரத்தில் முதல் நான்கு நிமிடத்துக்குள், ஸ்கிரிப்ட் வாக்களித்த பொருள் எண்ணிக்கையில் குறைந்து வந்திருந்தால் மட்டுமே நிறுத்தக் கேட்கலாம். நடுவர் பார்த்து உறுதிசெய்தால் புதிய நிலம். ‘தங்கம் முன்னால் இருக்கிறது’, ‘காடு மெல்லியது’ என்பவை காரணமாகா. மின்சாரம் போனால் கதை வேறு. உங்கள் பக்கம் லோட் ஷெடிங் அறிவிக்கப்படும் காலமானாலும், எங்கள் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயல் மாதங்களானாலும், பதிவிலிருந்து ஆட்டத்தை விட்ட இடத்தில் மீட்டெடுக்க வேண்டுமே தவிர, புதிய நிலத்தில் தொடங்கக் கூடாது. பாதி வென்றவரின் உழைப்பைச் சீட்டுக் குலுக்கலில் போடுவதற்கு நாம் யார்?

மூன்றாவது கேள்வி, இறுதி ஆட்டத்துக்குப் புதிய வரைபடம். பார்ப்பவர்களுக்கு அது விறுவிறுப்பாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முற்றிலும் தெரியாத வரைபடத்தில், புதிய ஸ்கிரிப்டை யாருடைய நண்பர் எழுதினார், யார் முன்பே பார்த்தார் என்ற சந்தேகம் தோன்றிவிடும். மூன்று நாட்டுப் பிள்ளைகள் ஆடும் இடத்தில் அந்தச் சந்தேகம் ஒரு வாரத்தில் ஊர்ச்சண்டையாக மாறும். ஒரு புதிய வரைபடத்தைச் சேர்க்க ஆசையிருந்தால், அரையிறுதிக்குத் தகுதிபெற்ற நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஸ்கிரிப்டை அனுப்புங்கள், இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பாவது அது அவர்கள் கையில் இருக்கட்டும். ஐந்து ஆட்டத் தொடரில் அதை இரண்டாவது அல்லது மூன்றாவது ஆட்டமாக வையுங்கள். ஐந்தாவது ஆட்டம் வந்தால் அது எல்லாருக்கும் பழகிய அரேபியாவிலேயே நடக்கட்டும். ஸ்கிரிப்டை எழுதியவர் அந்த நால்வரில் எவருக்கும் பயிற்சித் துணையாக இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெயூனியன் பக்கம் ஸ்கிரிப்டைச் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள், செயின்ட் ஆந்த்ரேயில் போட்டியில் கலந்துகொள்ளாத இரண்டு பேரைக் கேட்டு ஏற்பாடு செய்கிறேன்.